மார்கழிக் கச்சேரிக்கு அன்றன்றைக்கு டிக்கெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் நடுவில் தொடங்கிப் பொங்கல் வரை கச்சேரி நடத்தும் அமைப்புகளான சென்னைச் சபாக்களுக்கு ஓய்வே கிடையாது. சீசன் டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்களுக்குக் கீழே உள்ள எதுவும் தேவைப்படாது. காலையில் காபியோடு பேப்பரைப் பிரித்து, இன்று மாலை எங்காவது போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதியது இது. அவர்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டே விஷயம்தான்: கையைக் கடிக்காமல் உள்ளே போவது எப்படி, போனபின் எங்கே உட்கார்வது.

வெளிநாடுகளில் அன்றைய டிக்கெட்டைப் பாதி விலைக்கு விற்கும் கடை இருக்கிறதாமே, சென்னையில் அப்படி ஏதாவது உண்டா?

இல்லை. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் டி.கே.டி.எஸ். என்றொரு சாவடி இருக்கிறது. அன்றைக்கு விற்காமல் நிற்கும் நாடக டிக்கெட்டுகளை அங்கே சலுகை விலையில் தள்ளிவிடுவார்கள். சிலவற்றுக்குப் பாதி விலைதான். லண்டனில் லெஸ்டர் சதுக்கத்திலும் 1980 முதல் அப்படி ஒன்று இருக்கிறது. அங்கே ஒரே நாடகம் வாரத்துக்கு எட்டுக் காட்சி என்று மாதக்கணக்கில் ஓடுகிறது. தினமும் ஏதோ சில நாற்காலிகள் மிஞ்சத்தான் செய்யும்.

இங்கே கணக்கே வேறு. ஒரு பாடகர் ஒரு சபாவில் சீசனுக்கு ஒரு முறைதான் பாடுவார். சபாவின் செலவைப் பெருமளவு தாங்குவது புரவலர்களும் உறுப்பினர் சந்தாவும் சீசன் டிக்கெட்டும். அன்றைய டிக்கெட்டில் வரும் பணம் மேல்வரும்படி மாதிரி. ஆகவே ஆறு மணிக்கு அரங்கு பாதி காலியாக இருந்தாலும் விலையைக் குறைத்து விற்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கவுன்ட்டரில் பேரம் பேசிப் பார்க்காதீர்கள், பலிக்காது.

அப்படியானால் செலவைக் குறைக்க என்னதான் வழி?

நேரத்தை மாற்றிக்கொள்வதுதான். பெரிய சபாக்களில் காலையிலிருந்து இரவு வரை நாளொன்றுக்கு நான்கைந்து கச்சேரிகள் நடக்கும். மாலை ஆறரை, ஏழு மணிக்கு மேல் நடப்பது மூத்த கலைஞர்களுக்கானது. டிக்கெட், கூட்டம், வாகன நெரிசல் எல்லாம் அந்த இரண்டரை மணி நேரத்துக்குத்தான். நான்கு மணிக் கச்சேரிக்குச் சில இடங்களில் மட்டும் டிக்கெட் உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடப்பவை ஏறக்குறைய எல்லாச் சபாக்களிலும் இலவசம். வாசலில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்; நேரே உள்ளே போய், பிடித்த இடத்தில் உட்காரலாம்.

இலவசம் என்றதும் ஏதோ பயிற்சிக் கச்சேரி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் மேடையேறுபவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தங்கள் சரக்கு முழுவதையும் காட்டியாக வேண்டும் என்ற வேகம் அவர்களிடம் இருக்கும். மூத்தவர்கள் நூறு முறை பாடிய கிருதியையே நூற்றொன்றாம் முறையும் பாடும்போது, பன்னிரண்டு மணிக்காரர்கள் ஓர் அபூர்வ ராகத்தை மாதக்கணக்கில் உழைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். இன்று டிக்கெட்டுக்கு அடிதடி நடக்கும் பெயர்கள் எல்லாமே ஒரு காலத்தில் பகல் வெயிலில் இருபது பேருக்குப் பாடியவைதான்.

மியூசிக் அகாடமியின் இசைவிழா டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை நடக்கும். அங்கேயும் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. காலையில் நடக்கும் லெக்டெம், அதாவது ஒரு ராகத்தையோ தாளத்தையோ பாட்டெழுதி இசையும் அமைத்த ஒரு வாக்கேயக்காரரையோ எடுத்துக்கொண்டு பாடியும் பேசியும் விளக்கும் அமர்வு, அதுவும் இலவசம். இசை தெரிந்தவர்களுக்கு மட்டுமே புரியும் என்று ஒதுக்க வேண்டாம். பாதி புரிந்தாலே மாலைக் கச்சேரியைக் கேட்கும் காது மாறிவிடும்.

மயிலாப்பூர் கிழக்கு மாடவீதியில் உள்ள பாரதிய வித்யா பவனில் மாலைக் கச்சேரிகளையே பெரும்பாலும் இலவசமாகக் கேட்கலாம். கபாலி கோயிலுக்குப் பக்கம் என்பதால் சீக்கிரம் நிறைந்துவிடும். அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

பெரிய பெயர்களின் மாலைக் கச்சேரிக்கு அன்றைக்கே டிக்கெட் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் எந்தச் சபா, எந்தக் கிழமை என்பதைப் பொறுத்தது.

மியூசிக் அகாடமியில் முன்வரிசைகளின் பெரும்பகுதி உறுப்பினர்களுக்கும் புரவலர்களுக்கும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும் போய்விடும். மிச்சம் உள்ளவைதான் அன்றைய டிக்கெட்டாக வரும். பின்வரிசையும் பால்கனியுமே அவற்றில் அதிகம். கூட்டம் சேர்க்கும் பாடகர் என்றால், கவுன்ட்டர் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே, மார்கழிப் பனியில் மப்ளரும் சால்வையுமாக வரிசை நின்றுவிடும். அந்த வரிசை ஒரு தனி உலகம். முந்தைய நாள் யார் தோடி ராகம் பாடினார்கள், யார் சொதப்பினார்கள் என்று அங்கே நடக்கும் விமரிசனத்தில் பாதியாவது மறுநாள் பத்திரிகையில் வருவதைவிட நேர்மையாக இருக்கும். வரிசையில் நிற்கும்முன், ஒருவருக்கு எத்தனை டிக்கெட் தருகிறார்கள் என்று அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிடுங்கள்.

விடியற்காலையில் எழ முடியாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. அகாடமியில் பாடும் அதே பாடகர் அதே சீசனில் வேறு பல மேடைகளிலும் பாடுவார். அகாடமி இருக்கும் டி.டி.கே. சாலையிலேயே சற்றுத் தள்ளி நாரத கான சபா இருக்கிறது. தியாகராய நகரில் கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும், மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபாவும் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸும் இருக்கின்றன. 1900இல் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபாவும் உண்டு. திருவல்லிக்கேணியில் பிறந்த சபாதான். விழாவை இப்போது மயிலாப்பூரில் வித்யா பாரதி மண்டபத்தில் நடத்துகிறது. அகாடமியில் கடைசி வரிசைக்குக் கொடுக்கும் பணத்துக்கு இந்த இடங்களில் நடுவரிசை கிடைத்துவிடும். அரங்கும் சிறியது, பாடகரின் முகமும் தெரியும். வாரநாட்களில் இன்னும் சுலபம். ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் வேண்டவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், ஒரு பாடகரை அகாடமியில் கேட்டே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தில் இசையைவிடக் கௌரவம்தான் அதிகம்.

டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் நின்றால் பயன் உண்டா?

உண்டு. வெளியூரிலிருந்து வரவேண்டிய மகன் வரவில்லை, மாமிக்குத் திடீரென்று ஜுரம் என்று ஒரு டிக்கெட்டோ இரண்டோ கூடுதலாக வைத்திருப்பவர்கள் கச்சேரி தொடங்கும் நேரத்தில் வாசலில் சுற்றிமுற்றிப் பார்ப்பார்கள். தனி ஆளாகப் போனால் வாய்ப்பு அதிகம். நான்கு பேராகப் போனால் ஏறக்குறைய இல்லை. அச்சிட்ட விலையைக் கொடுங்கள். சிலர் பணமே வாங்க மாட்டார்கள். அச்சிட்டதைவிடக் கூடுதலாகக் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். அந்தப் பழக்கத்தை நாம் வளர்த்துவிட வேண்டாம்.

இணையத்தில் வாங்குவதா, கவுன்ட்டரிலா?

இருக்கையின் படத்தைப் பார்த்துத் தேர்வு செய்ய முடியும் என்பது இணையத்தின் ஒரே லாபம். விலையில் கவுன்ட்டர்தான் மேல். ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான இசை, நடன, நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் முன்பதிவுத் தளங்கள் தங்கள் சேவைக்கென்று ஒரு கட்டணம் போட்டு, அந்தக் கட்டணத்துக்கு வரியும் சேர்க்கும். நான்கு பேருக்கு வாங்கினால் கேன்டீனில் ஆளுக்கொரு காபி குடிக்கும் அளவுக்கு அது வந்துவிடும். இணையத்தில் ‘தீர்ந்துவிட்டது’ என்று காட்டினாலும் கவுன்ட்டருக்கென்று தனியாக ஒதுக்கிய டிக்கெட் இருக்கலாம். ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு எந்த இருக்கை நல்லது?

முதல் வரிசை அல்ல. அது பெரும்பாலும் புரவலர்களுக்கானது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே உட்கார்ந்தால் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். மேடையிலிருந்து நேராக வரும் ஒலியும் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் காதில் விழும். முன்வரிசையின் இரு கோடிகளோ இன்னும் மோசம். ஒரு ஸ்பீக்கர் மட்டும் காதைப் பிளக்கும், மற்றது கேட்கவே கேட்காது.

அரங்குக்குள் நுழைந்ததும் ஒலி அமைப்பாளரின் மேசை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். விசைகள் வரிசையாக உள்ள பலகை, அதன்மேல் ஒரு சின்ன விளக்கு, பக்கத்தில் ஒரு பிளாஸ்க். அந்த மனிதர் தன் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதைத்தான் அரங்கு முழுவதற்கும் அனுப்புகிறார். அவருக்கு முன்னால் இரண்டு மூன்று வரிசை தள்ளி, நடுவில் உட்கார்ந்தால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். மேசை ஓர் ஓரமாக இருந்தால் இந்த யோசனை உதவாது. அப்போது அரங்கின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையே, நடுப்பகுதியில் உட்காருங்கள்.

பக்கவாத்தியத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம். நடுவில் பாடகர், நம் பார்வைக்கு வலப்பக்கம் வயலின், இடப்பக்கம் மிருதங்கம் என்பதுதான் மேடையின் வழக்கமான அமைப்பு. இடக்கையால் வாசிப்பவர் என்றால் பக்கம் மாறும். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்தபடி உட்காருவதால் அவருடைய வலந்தலை, அதாவது வலக்கையால் வாசிக்கும் முகம், நம் பக்கம் இருக்கும். அவர் முகத்தையும் இரண்டு கைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் அரங்கின் வலப்பக்கம் உட்கார வேண்டும். மிருதங்கம் இடப்பக்கம்தானே இருக்கிறது என்று இடப்பக்கமே போய் உட்கார்ந்தால் மிருதங்கக்காரரின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வயலினுக்கு இது அப்படியே தலைகீழ். இடப்பக்கம் உட்கார்ந்தால் கம்பியின்மேல் விரல் வழுக்கி, சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் உருவாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வயலின் கற்கும் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

பால்கனி டிக்கெட் மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

தாராளமாக. கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளைவிடப் பால்கனியின் முதல் வரிசைகள் எவ்வளவோ மேல். பால்கனி கூரைபோல மூடியிருக்கும் பகுதியில் உட்கார்ந்தால் ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கும். மேலே அந்தத் தொல்லை இல்லை. முன்னால் இருப்பவரின் தலையும் மறைக்காது. பாடகரின் முகபாவம் தெரியாது என்பது உண்மைதான். அது ஒரு குறையா என்பது பாடகரைப் பொறுத்தது.

மாடிப்படி ஏற வேண்டும். கால்வலிக்காரர்கள் யோசித்து வாங்குங்கள்.

நடன நிகழ்ச்சிக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை. நடனத்தில் கண்ணுக்குத்தான் முதலிடம். மேடை உயரமாக உள்ள அரங்குகளில் முதல் இரண்டு மூன்று வரிசையிலிருந்து பார்த்தால் ஆடுபவரின் பாதமே தெரியாது. சதங்கைச் சத்தம் கேட்கும், காலும் கையும் சேர்ந்து ஆடும் அடவு தெரியாது. பரதநாட்டியத்தில் பாதம் தெரியாவிட்டால் பாதி நடனம் போய்விட்டது. அதற்காக ரொம்பப் பின்னால் போனால் அபிநயத்தில் கண் தெரியாது. ஐந்தாவது வரிசையிலிருந்து பத்தாவது வரை, நடுவாக இருப்பதுதான் சரி. தாளம் தட்டி நடனத்தை நடத்தும் நட்டுவனாரும் பாடகரும் மேடையின் ஒரு பக்கம் அமர்வார்கள். அந்தப் பக்கத்துக் கோடி இருக்கை கிடைத்தால் அவர்களே மேடையின் ஒரு பகுதியை மறைத்துவிடுவார்கள். எதிர்ப்பக்கமாக மாற்றிக் கேளுங்கள்.

இசைவிழா முடிந்ததும் அகாடமியில் ஜனவரி 3 முதல் நடன விழா. அன்றைய டிக்கெட் கிடைப்பது அப்போது சற்று எளிது. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் கேரளக் கூத்தம்பலத்தின் பாணியில் கட்டிய அரங்கு இருக்கிறது. எந்த நடனம் என்று பார்க்காமல், அந்த அரங்குக்காகவே ஒரு முறை போகலாம். மரங்களுக்கு நடுவே நடந்து உள்ளே போக வேண்டியிருப்பதால் கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொண்டு போங்கள்.

தமிழ் நாடகத்துக்கு?

சபா நாடகங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறு மாலைகளில்தான். மார்கழியில் இசைக்கு மேடையை விட்டுக்கொடுத்து நாடகம் சற்று ஒதுங்கிவிடும். கோடையில் நாடக விழாக்கள் வரும். அன்றைய டிக்கெட் கிடைப்பதில் சிரமமே இல்லை. நகைச்சுவை நாடகம் என்றால் கூட்டத்துக்கு நடுவில் உட்காருங்கள். ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சிரிக்க முடியாது. ஆனால் பின்வரிசை வேண்டாம். ஒரு வசனத்துக்கு எழும் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வசனம் போய்விடும். முன்னால் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும்.

எழும்பூர் மியூசியம் தியேட்டர் தனி ரகம். 1896இல் கட்டியது. மேடையைச் சுற்றி அரைவட்டமாகப் படிப்படியாக உயரும் இருக்கைகள். எங்கே உட்கார்ந்தாலும் நடிகர்கள் பக்கத்தில்தான் இருப்பார்கள். அரைவட்டத்தின் இரு முனைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இருக்கை எண் இல்லாத சபாவில் இடம் பிடிப்பது எப்படி?

சென்னையில் ஒரு கைக்குட்டைக்கு உள்ள அதிகாரம் பதிவுத்துறை முத்திரைக்குக்கூடக் கிடையாது. நாற்காலியில் ஒரு கைக்குட்டையோ மடித்த பேப்பரோ குடையோ கிடந்தால் அது ஒருவருடைய இடம். ஒரு மாமி ஒரு கைப்பை, ஒரு சால்வை, ஒரு தண்ணீர் பாட்டில் என்று மூன்று நாற்காலிகளை வளைத்துப்போட்டு, ‘வந்துண்டே இருக்கா’ என்று சொல்வது அன்றாடக் காட்சி. சண்டை போட்டுப் பயனில்லை. முதல் உருப்படி, அதாவது முதல் பாட்டு, முடியும்வரை பின்னால் நின்று பாருங்கள். அதற்குள் வராதவர்களின் கைக்குட்டையை மரியாதையாக எடுத்துக் கொடுத்துவிட்டு உட்காரலாம். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பிற்பகல் நான்கு மணிக் கச்சேரிக்கு இலவசமாக உள்ளே போய், அப்படியே மாலைக் கச்சேரிக்கும் உட்கார்ந்துவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் உண்டு. டிக்கெட் உள்ள இடங்களில் நடுவில் அரங்கைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.

தனி ஆவர்த்தனத்தின்போது முன்வரிசைகள் காலியாகின்றன. முன்னால் போய் உட்காரலாமா?

பிரதான உருப்படி முடிந்து மிருதங்கம், கடம், கஞ்சிரா மட்டும் வாசிக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கேன்டீனுக்கான மணியோசையாக எடுத்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. இரண்டு மணி நேரம் பாடகருக்குத் தோள்கொடுத்தவர் தன் வித்தையைக் காட்டும் நேரத்தில் அவர் முகத்துக்கு எதிரே எழுந்து போவது மரியாதை இல்லை. எத்தனை பேர் எத்தனை ஆண்டுகளாகச் செய்தாலும் அது மரியாதை ஆகிவிடாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். எழுந்தவர்களில் பலர் திரும்ப மாட்டார்கள் என்றாலும், கடைசியில் வரும் சின்னப் பாடல்களான துக்கடா கேட்கக் காபியோடு திரும்பி வருபவர்களும் இருக்கிறார்கள். தனி நடக்கும்போது நகராதீர்கள். அது முடிந்து கைதட்டல் எழும்போது முன்னால் போங்கள். அந்த நேரத்தில் டிக்கெட்டைக் கேட்பவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். இடத்துக்குரியவர் வந்தால் பேசாமல் எழுந்துவிடுங்கள். பெயர்பதித்த அட்டை கட்டிய சோபாக்களில் மட்டும் உட்கார வேண்டாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்த இடம் வசதி?

கீழ்த்தளம், நடைவழி ஓர இருக்கை. கவுன்ட்டரிலேயே சொல்லிக் கேளுங்கள். வயதானவர்கள் என்றால் மாற்றிக் கொடுப்பார்கள். குளிர்சாதனம் நேராகத் தலையில் அடிக்கும் இடமா என்று முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். சால்வை அவசியம்.

கேன்டீனுக்குப் போக டிக்கெட் வேண்டுமா?

வேண்டாம். கச்சேரிப் பக்கமே எட்டிப் பார்க்காமல் அடை அவியலுக்காகவும் கீரை வடைக்காகவும் மட்டும் வருகிறவர்கள் ஏராளம். மதியம் சில இடங்களில் இலைச்சாப்பாடு உண்டு. பன்னிரண்டு மணிக் கச்சேரியைக் கேட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்வது உத்தமம். மாலைக் கச்சேரிக்கு முந்தைய அரை மணி நேரம் மட்டும் கேன்டீனைத் தவிர்த்துவிடுங்கள். காபி கைக்கு வரும்போது கச்சேரியின் தொடக்கப் பாட்டான வர்ணம் முடிந்திருக்கும்.

காரில் போகலாமா?

மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை பக்கம் மெட்ரோ பணிகளால் சாலைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சபா வளாகத்துக்குள் நிறுத்த இடம் கிடைப்பதும் அரிது. மயிலாப்பூர் சபாக்களுக்குப் பறக்கும் ரயிலில் திருமயிலை வந்து நடக்கலாம் அல்லது ஆட்டோ பிடிக்கலாம். அகாடமிக்கு ஏ.ஜி.–டி.எம்.எஸ். மெட்ரோவில் இறங்கினால் ஆட்டோவில் சிறிது தூரம்தான். தியாகராய நகர் சபாக்களுக்கு மாம்பலம் ரயில் நிலையம். தமிழ்ப் பாடல்களுக்கென்றே 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடக்கும் ராஜா அண்ணாமலை மன்றத்துக்கு உயர் நீதிமன்ற மெட்ரோ.

திரும்பும்போதுதான் சிக்கல். ஒன்பதரைக்கு நூறு பேர் ஒரே வாசலில் நின்று ஆட்டோ கூப்பிடுவார்கள். மங்களம் பாடி முடித்ததும் எதிர்த்திசையில் ஒரு தெரு நடந்து, அங்கிருந்து கூப்பிடுங்கள். ஆட்டோவும் கிடைக்கும், கட்டணமும் குறையும்.